வீட்டில் தண்ணீர்ப் பிரசவம்: தொட்டி எதைப் பார்த்து எடுப்பது?

முகில்வாசல்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 33 வாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டாவது குழந்தை. மூத்தவள் சுகப்பிரசவம். இந்த முறை வீட்டிலேயே, தண்ணீரில் பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பதிவு பெற்ற மருத்துவச்சிகள் இரண்டு பேர் வருவார்கள். பெரிய மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. பரிசோதனை எல்லாம் இதுவரை நல்லபடியாகவே வந்திருக்கிறது.

தொட்டியை மட்டும் நாங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. காற்றடிக்கும் தொட்டியா, கெட்டிச் சுவர் தொட்டியா? வாடகைக்கா, சொந்தமாகவா? ஹீட்டர் வைத்த தொட்டி நல்லதா? நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. தளம் தாங்குமா என்று மாமியார் தினமும் கேட்கிறார். கணவரோ, குழந்தைகள் குளிக்கும் பிளாஸ்டிக் குளமே போதாதா என்கிறார்.

பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

செம்பருத்தி

வாழ்த்துகள் தோழி. நான் காற்றடிக்கும் தொட்டியில்தான் பெற்றேன். ஒன்றே ஒன்று சொல்கிறேன், விளம்பரத்தில் போடும் அளவை நம்பி வாங்காதீர்கள். அது வெளி அளவு. காற்றுச் சுவரே இரண்டு பக்கமும் ஒரு முழம் தின்றுவிடும். உள் அளவைக் கேட்டு வாங்கி, தரையில் சாக்பீஸால் வரைந்து, அதற்குள் முட்டி போட்டு, கால்களை அகட்டி, பக்கவாட்டில் சாய்ந்து பாருங்கள். வயிற்றோடு செய்து பார்க்கும்போதுதான் எது போதும், எது போதாது என்பது தெரியும்.

பெரிதாக எடுத்தால் வசதி என்று நினைக்க வேண்டாம். முதுகைச் சாய்த்தால் கால் எதிர்ச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வலி வரும்போது உடம்பு வழுக்கி வழுக்கிப் போகும். எனக்கு நீள்வட்டம் சரியாக இருந்தது. நீளவாக்கில் கால் நீட்டலாம், குறுக்கே உட்கார்ந்தால் காலை உதைத்துக்கொள்ளலாம்.

மருந்துப்பெட்டி

நான் மகப்பேறு மருத்துவர். தொட்டிக்கு முன்னால் ஒரு பேச்சு. குறைமாதம், இரட்டைக் குழந்தை, குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பது, ரத்தக்கொதிப்பு, காய்ச்சல், ரத்தப்போக்கு, பனிக்குட நீரில் குழந்தையின் மலம் கலந்திருப்பது, இதில் எது இருந்தாலும் தண்ணீர்ப் பிரசவம் கிடையாது. முன்பு சிசேரியன் ஆனவர்கள் விஷயத்தில் தனியாக யோசிக்க வேண்டும். முகில்வாசலுக்கு இவை எதுவும் இல்லை என்றே தெரிகிறது. ஆனால் இந்த இழையை நாளைக்கு வேறு யாராவது படிப்பார்கள்.

இன்னொன்று. இன்றைக்கு எல்லாம் சரியாக இருப்பவருக்கும் அன்றைக்கு மாறலாம். தொட்டி வாங்கியாகிவிட்டது, தண்ணீர் நிரப்பியாகிவிட்டது என்பதற்காக யாரும் உள்ளேயே இருக்கக் கூடாது. மருத்துவச்சி 'வெளியே வா' என்றால் அடுத்த நிமிடம் வெளியே வர வேண்டும். தொட்டியையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்து வாங்க வேண்டும்.

தாதி_கமலி

டாக்டர் சொன்ன கடைசி வரிதான் என் முதல் வரியும். வீட்டுப் பிரசவங்களுக்குப் போகும் மருத்துவச்சி நான். தொட்டியில் நாங்கள் பார்ப்பது மூன்று விஷயம்தான். ஆழம் இருக்கிறதா, சட்டென்று வெளியே எடுக்க முடியுமா, சுத்தமாக வைத்துக்கொள்ள முடியுமா. நிறம், கோப்பை வைக்கிற குழி, விளக்கு எல்லாம் விற்பவர்களின் கவலை.

ஆழம் ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன், இதைப் பலர் அழகுக்காகச் சொல்வதாக நினைக்கிறார்கள். நலமான குழந்தை தண்ணீருக்குள் பிறந்தால் பொதுவாக மூச்சு எடுக்காமல் இருக்கும். முகத்தில் காற்றும் குளிர்ச்சியும் படும்போதுதான் அந்த முதல் மூச்சு தூண்டப்படுகிறது. அதனால் பிறந்தால் முழுக்கத் தண்ணீருக்குள் பிறக்க வேண்டும், உடனே, பதறாமல், முகத்தை மேலே கொண்டுவர வேண்டும். தண்ணீர் குறைவாக இருந்து, தாய் முட்டி போட்டு முன்னால் குனிந்தால், இடுப்பு தண்ணீருக்கு மேலே வந்துவிடும். குழந்தையின் தலை காற்றில் வெளிவந்துவிட்டால் பிறகு அதைத் தண்ணீருக்குள் திரும்ப இறக்கவே கூடாது. அப்படி ஆனால் தாயை எழுந்து நிற்கச் சொல்லி வெளியிலேயே பிரசவம் பார்ப்போம்.

ஆக, உட்கார்ந்தால் மார்பு வரையிலும், முட்டி போட்டால் வயிறு முழுக்கவும் மூழ்க வேண்டும். 50 முதல் 55 செ.மீ. தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் கொஞ்சம் சுவர் மிச்சம் இருக்க வேண்டும். நீங்கள் இறங்கினால் மட்டம் ஏறும், கணவரும் இறங்கினால் இன்னும் ஏறும். உள்ளே 65 செ.மீ. உயரம் இருக்கிற தொட்டி என்றால் நிம்மதி. இதனால்தான் குழந்தைகள் குளம் வேண்டாம் என்கிறேன். பெரும்பாலும் சுவர் குட்டை, பிளாஸ்டிக் மெல்லிசு, அடிப்பக்கம் காற்று இல்லாததால் முட்டி வெறும் தரையில் அழுந்தும், சாய்ந்தால் சுவர் மடங்கித் தண்ணீர் கொட்டும்.

வீட்டுக் குளியல் தொட்டியிலும் இதே சிக்கல். வலி குறையப் படுத்திருக்கலாம், தாராளமாக. பிரசவத்துக்கு ஆழமும் போதாது, ஒரு பக்கம் சுவரில் ஒட்டியிருப்பதால் எனக்குக் கையும் எட்டாது. பிரசவத் தொட்டியைச் சுற்றி நாலு பக்கமும் ஆள் நடக்க இடம் விடுங்கள். முடியாவிட்டால் மூன்று பக்கமாவது.

கட்டடக்காரன்

மாமியார் கேட்பது சரியான கேள்வி, சிரிக்க வேண்டாம். கணக்கு எளிது. 10 செ.மீ. தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ. 50 செ.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 500 கிலோ. வீட்டுத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ தாங்கும்படி வடிவமைப்பார்கள். பார்த்தவுடன் பகீர் என்றுதான் இருக்கும்.

ஆனால் அந்த 200 கிலோ என்பது அறை முழுக்கப் பரவிய சுமை. 12 சதுர மீட்டர் அறையில் மொத்தம் 2400 கிலோ. உங்கள் தொட்டி, தண்ணீர், நீங்கள், ஓரமாக நிற்கும் நாலு பேர் எல்லாம் சேர்த்தாலும் ஒரு டன்னுக்குள்தான் வரும். நல்ல நிலையில் இருக்கும் கான்கிரீட் தளத்தில், அறையின் நட்ட நடுவே வைக்காமல், கனம் தாங்கும் சுவருக்கோ உத்தரத்துக்கோ பக்கத்தில் வைத்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. பீரோ, புத்தக அலமாரி எல்லாவற்றையும் அந்த அறையிலிருந்து வெளியேற்றிவிடுங்கள்.

மரத்தளம் என்றால் கட்டைகள் ஓடும் திசைக்குக் குறுக்கே, முடிந்தவரை பல கட்டைகள் மேல் படும்படி வைக்க வேண்டும். பழைய கட்டடம், விரிசல், ஈரம் ஊறிய கூரை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி, இவற்றில் எதுவாக இருந்தாலும் ஒரு பொறியாளர் நேரில் பார்க்காமல் தண்ணீர் பிடிக்காதீர்கள். இணையத்தில் நான் சொல்வதை வைத்தும் பிடிக்காதீர்கள்.

முகில்வாசல்

கான்கிரீட் தளம்தான், கட்டி பத்து வருடம்கூட ஆகவில்லை. இருந்தாலும் தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுகிறோம். சுவர் ஓரம் என்கிறீர்கள், கமலி அக்கா நாலு பக்கமும் இடம் விடச் சொல்கிறார். இரண்டும் எப்படி?

தாதி_கமலி

சுவரிலிருந்து ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவு தள்ளி வை, போதும் தங்கச்சி. ஒட்டி வைக்க வேண்டாம்.

அகல்விளக்கு

மன்னிக்கவும், கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுகிறேன். அமெரிக்காவின் மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் வெளியிட்ட கருத்தில், வலி நேரத்தில் தண்ணீரில் இருக்கலாம், பிரசவம் மட்டும் தண்ணீருக்கு வெளியேதான் நடக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்களே. எந்தத் தொட்டி என்று பேசுவதற்கு முன் அது தேவையா என்று பேச வேண்டாமா?

மருந்துப்பெட்டி

பேசலாம், நியாயமான கேள்வி. நீங்கள் சொன்னது சரிதான். இதில் நாடுகளுக்குள் ஒரே கருத்து கிடையாது. பிரிட்டனில் சிக்கல் இல்லாத கர்ப்பிணிகளுக்கு வெகுகாலமாகவே தண்ணீர் ஒரு தேர்வாகத் தரப்படுகிறது.

ஆதாரம் என்று பார்த்தால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018 ஆய்வுத் தொகுப்பு 15 சோதனைகளை, 3663 பெண்களைச் சேர்த்துப் பார்த்தது. வலி நேரத்தில் தண்ணீரில் இருந்தவர்களுக்கு முதுகில் போடும் வலிமரப்பு ஊசியின் தேவை கொஞ்சம் குறைந்தது. தாய்க்கோ குழந்தைக்கோ கெடுதல் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் தண்ணீருக்குள்ளேயே பிறப்பது பற்றி அதில் இருந்த தரவு குறைவு. பிறகு 2024-ல் பிரிட்டனிலிருந்து பெரிய ஆய்வு ஒன்று வந்தது. பிரசவ வலியில் தண்ணீர்த் தொட்டியைப் பயன்படுத்திய 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களில், தண்ணீருக்குள் பெற்றவர்களையும் வெளியே வந்து பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். கடுமையான கிழிசலோ குழந்தைக்கு ஆபத்தோ தண்ணீருக்குள் கூடவில்லை. தொப்புள்கொடி அறுந்துபோவது மட்டும் கூடுதல். தண்ணீரில் 100க்கு சுமார் 1, வெளியே 1000க்கு சுமார் 3.

கொடி குட்டையாக இருக்கும்போது, குழந்தையைச் சட்டென்று மேலே இழுத்தால் அறுகிறது. கவ்வியைக் கையோடு வைத்திருந்தால் உடனே அடைத்துவிடலாம். இவை அனைத்தும் பயிற்சி பெற்ற மருத்துவச்சி பக்கத்தில் இருந்த பிரசவங்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். யாரும் இல்லாமல் கணவனும் மனைவியும் காணொளி பார்த்துச் செய்வதற்கு இந்த எண்கள் எதுவும் பொருந்தாது.

அகல்விளக்கு

நன்றி டாக்டர். எனக்குத் தயக்கம் போகவில்லை, ஆனால் பதில் கிடைத்தது. தொட்டிப் பேச்சைத் தொடருங்கள்.

பழையபேப்பர்

நடுவில் ஒரு துணுக்கு. இன்றைய தண்ணீர்ப் பிரசவம் பரவக் காரணமானவர்களில் ஒருவர் மிஷேல் ஓதான் என்ற பிரெஞ்சு மருத்துவர். பிதிவியே என்ற சிற்றூர் மருத்துவமனையில் அவர் முதலில் வைத்தது குழந்தைகள் விளையாடும் காற்றடித்த குளத்தைத்தான். அவர் நோக்கம் வலியைக் குறைப்பது மட்டுமே. சில பெண்கள் வெளியே வர மனமில்லாமல் அங்கேயே பெற்றுவிட்டார்கள். 1983-ல் 100 தண்ணீர்ப் பிரசவங்களைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். முகில்வாசல் கணவர் இதைப் படித்தால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்!

முகில்வாசல்

படித்துவிட்டார். தூக்கிவிட்டுக்கொண்டார். :-)

நெய்தல்நிலம்

நான் கெட்டிச் சுவர் தொட்டியை வாடகைக்கு எடுத்தேன். ஹீட்டர், தண்ணீரைச் சுழற்றும் பம்ப் எல்லாம் வைத்தது. முன்கூட்டியே நிரப்பி மூடி வைத்துவிட்டோம், எப்போது வலி வந்தாலும் வெந்நீர் தயார். இரண்டாவது குழந்தை வேகமாக வரும் என்பார்கள், முகில்வாசலுக்கு இது பொருத்தமாக இருக்கும். எனக்கு ஒரு குறையும் இல்லை.

தாதி_கமலி

நெய்தல், உங்களுக்கு நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. ஆனால் இந்த ஒன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன், காரணம் சொல்கிறேன்.

லெஜியோனெல்லா என்ற நுரையீரல் கிருமி 20 முதல் 45 டிகிரி வரை உள்ள தண்ணீரில் சுகமாகப் பெருகும். பிரசவத் தொட்டி வைக்கிற சூடு அதற்கு நடுவில்தான் விழுகிறது. நாள்கணக்கில் நிற்கும் வெதுவெதுப்பான தண்ணீர், அதைச் சுழற்றும் குழாய்க்குள் படியும் வழவழப்பு, இரண்டும் சேர்ந்தால் அதற்கு விருந்து. 2014-ல் இங்கிலாந்தில் இப்படி முன்கூட்டி நிரப்பிச் சூடாக்கி வைத்த தொட்டியில், வீட்டில் பிறந்த குழந்தைக்கு அந்த நோய் வந்தது. உடனே அங்கத்திய பொதுச் சுகாதாரத் துறை அந்த வகைத் தொட்டிகளை வீட்டுப் பிரசவத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரிக்கை விட்டது. அமெரிக்காவின் அரிசோனாவிலும் 2016-ல் தண்ணீரில் பிறந்த இரண்டு குழந்தைகளுக்கு வந்தது. அதில் ஒன்று வாடகைக்கு எடுத்த, நீர்ப்பீச்சு வைத்த தொட்டி.

ஆகவே வலி ஆரம்பித்த பிறகு நிரப்புங்கள். பம்ப், நீர்ப்பீச்சு, உள்குழாய் எதுவும் இல்லாத வெறும் தொட்டியாக எடுங்கள். நிரப்பும் முன் வெந்நீர்க் குழாயைச் சில நிமிடம் திறந்து, முதல் தண்ணீரை வெளியே விடுங்கள். தோட்டத்தில் வெயிலில் கிடக்கும் ஹோஸ் வேண்டாம். குடிநீருக்கு ஏற்ற புது ஹோஸ் ஒன்று வாங்கி, அதை இதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நெய்தல்நிலம்

இதை எனக்கு வாடகைக்குக் கொடுத்தவர்கள் யாரும் சொல்லவில்லை. பதிவை நீக்கவில்லை, இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர்கள் முடிவு செய்யட்டும்.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் வலி வந்த பிறகு எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்பதுதான் தலையாய கேள்வி. என் மனைவி பிரசவத்தின்போது தண்ணீர் இலாகா என்னுடையது, அதனால் இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம்.

500 லிட்டர், 37 டிகிரி வேண்டும் என்று வையுங்கள். ஹீட்டரில் 60 டிகிரி வெந்நீர். குழாய்த் தண்ணீர் 25 டிகிரி என்றால் வெந்நீர் மட்டும் சுமார் 170 லிட்டர் தேவை. குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 10 டிகிரி என்றால் 270 லிட்டர். இப்போது உங்கள் ஹீட்டரைப் பாருங்கள். 25 லிட்டர் கொள்ளும் 2 கிலோவாட் ஹீட்டர், 25 டிகிரித் தண்ணீரை 60க்குக் கொண்டுபோக அரை மணி நேரம் எடுக்கும். 170 லிட்டருக்கு ஏழு முறை. மூன்றரை மணி நேரம்! இரண்டாவது குழந்தை அதுவரை காத்திருக்காது. பெரிய கொள்கலன் ஹீட்டரோ, ஓடும் தண்ணீரையே சூடாக்கும் கேஸ் ஹீட்டரோ இருந்தால் கவலை இல்லை. நிமிடத்துக்கு 10 லிட்டர் வந்தால் 50 நிமிடத்தில் முடிந்தது.

உங்கள் வீட்டு வேகம் தெரிய, ஹோஸை மாட்டி ஒரு 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி என்று பாருங்கள். அதை 50-ஆல் பெருக்குங்கள்.

இந்த இடத்தில்தான் தொட்டி அளவு உதைக்கும். ஹீட்டர் சின்னது என்றால் சின்ன தொட்டிதான். 350 லிட்டருக்கும் 650 லிட்டருக்கும் நடுவில் இருப்பது ஒரு முழுப் பிரசவமாகக்கூட இருக்கலாம்.

அப்புறம், ஆறிய தொட்டியை ஏற்றுவது. 500 லிட்டரை ஒரு டிகிரி உயர்த்த சுமார் 8 லிட்டர் கொதிநீர் வேண்டும். அந்த அளவு முதலில் கொஞ்சம் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வழியும். கொதிநீர் ஊற்றும்போது அம்மா தொட்டியின் எதிர்ப் பக்கம் போய்விட வேண்டும், ஊற்றியதும் கையால் கலக்கிவிட வேண்டும். இதைத் தவிர்க்க, தொட்டிக்கு மேல் கனமான மூடி போட்டு வையுங்கள். அடியில் தார்ப்பாய், அதன் மேல் பஞ்சுப்பாய் விரித்தால் தரை வழியாகச் சூடு போவதும் குறையும்.

செம்பருத்தி

குழாய் இணைப்பானைச் சொல்ல விட்டுவிட்டீர்களே. எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய்க்கு ரப்பர் இணைப்பான் வாங்கி வைத்திருந்தோம். வெந்நீர் ஓடியதும் ரப்பர் இளகி, 'டப்' என்று கழன்று, சமையலறை முழுக்க மழை. திருகு வைத்த இணைப்பான் வாங்கி, வெந்நீர் விட்டே சோதித்துக்கொள்ளுங்கள்.

தாதி_கமலி

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 37.5 டிகிரிக்கு மேல் போகவே கூடாது. தாயின் உடம்பு சூடேறினால் குழந்தைக்கு இதயத் துடிப்பு எகிறும், தாயும் துவண்டுபோவாள். மிதக்கும் தெர்மாமீட்டர் ஒன்று உள்ளே கிடக்கட்டும். மணிக்கு ஒரு முறை தண்ணீரையும் தாயையும் நாங்கள் அளந்து எழுதுவோம். வலி நேரத்தில் தாய்க்கு எது இதமோ அதுவே போதும், கொஞ்சம் குறைவாக இருந்தாலும் தவறில்லை. பிறக்கும் நேரத்தில் 37-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. குடிக்கத் தண்ணீர் பக்கத்திலேயே வையுங்கள், வியர்ப்பது தண்ணீருக்குள் தெரியாது.

துளிர்

நான் இன்னும் ஆறு மாதத்தில் இந்த வரிசையில் நிற்பேன், அதனால் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே இருக்கை வைத்த தொட்டி நல்லதா? லைனர் கட்டாயமா?

செம்பருத்தி

இருக்கை இருந்தால் நடுவில் ஓய்வெடுக்கலாம். ஆனால் இடத்தை அடைக்கும். சின்ன தொட்டி என்றால் இருக்கை வேண்டாம். கைப்பிடியைத்தான் நான் அதிகம் பயன்படுத்தினேன், உள்ளே இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் சுவர் மேல் இரண்டு கையையும் மடித்துப் போட்டு, கன்னத்தை வைத்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். கெட்டிச் சுவர் என்றால் அந்த இடத்தில் தடிமனாகத் துண்டு சுற்ற வேண்டியிருக்கும்.

லைனர் கட்டாயம். ஒரு முறை போட்டுக் கழற்றிவிடுகிற பிளாஸ்டிக் உறை. அந்தத் தொட்டிக்கென்றே தைத்தது வேண்டும், பொதுவான உறை போட்டால் அடியில் சுருங்கிக் காலில் மாட்டும்.

தாதி_கமலி

வாடகைத் தொட்டி என்றால் லைனர் இருந்தாலும் குளோரின் கலந்த கிருமிநாசினியால் கழுவியதா என்று கேளுங்கள். வினிகர் போட்டுத் துடைத்தோம் என்றால் அது போதாது. காற்றடிக்கும் தொட்டிகளில் ஒரே குடும்பத்துக்கானது, பலருக்குப் பயன்படுத்தும்படி தடிமனாகச் செய்தது என்று இரண்டு வகை உண்டு. முதல் வகையை வேறொருவர் பயன்படுத்திய பிறகு வாங்க வேண்டாம்.

காற்றடிக்கும் தொட்டியில் நான் வலியுறுத்துவது தனித்தனிக் காற்றறைகள். சுவரில் குறைந்தது இரண்டு மூன்று வளையம், தரைக்குத் தனி அறை. ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை தாங்கும். லா பாசின், பர்த் பூல் இன் எ பாக்ஸ் மாதிரி இதற்கென்றே செய்யும் தொட்டிகள் இப்படித்தான் வருகின்றன.

இப்போது, வெளியே எடுப்பது. இதை எந்த விளம்பரமும் பேசாது. தாய் மயங்கினாலோ, ரத்தம் அதிகம் போனாலோ, சில நொடிகளில் வெளியே கொண்டுவர வேண்டும். ஈர உடம்பு, நிறைமாதம், 65 செ.மீ. சுவர். யார் தோளைப் பிடிப்பது, யார் காலைப் பிடிப்பது, எங்கே கிடத்துவது என்று முன்பே பேசி, உடை உடுத்தியபடி வெறும் தொட்டியில் ஒரு முறை செய்து பார்த்துவிடுவோம். தொட்டிக்குப் பக்கத்தில் மெத்தை விரித்த இடம் தயாராக இருக்கும். காற்றுச் சுவர் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும், உடம்பை அதன் மேல் சாய்த்து இழுக்கலாம். கெட்டிச் சுவரில் அது நடக்காது. மாடி வீட்டில் காற்றடிக்கும் தொட்டியை நான் விரும்ப இதுவே பெரிய காரணம், எடைகூட இரண்டாவதுதான்.

சாதாரணமாக ஏறி இறங்க, வழுக்காத அடி உள்ள உறுதியான ஸ்டூல் வெளியே ஒன்று. ஈரக் கால் படும் இடமெல்லாம் துண்டு.

முகில்வாசல்

நஞ்சுக்கொடி விழுவதும் தண்ணீரிலா அக்கா? அப்புறம் மூத்தவள் அன்றைக்கு வீட்டில்தான் இருப்பாள்.

தாதி_கமலி

நான் வெளியே வரச் சொல்வேன். தண்ணீரில் ரத்தம் கலந்தால் எவ்வளவு போகிறது என்று கண்ணால் மதிப்பிடுவது கடினம். நஞ்சு விழ ஊசி போடுவதென்றாலும் வெளியே வந்தால்தான் வசதி. பிறந்ததும் குழந்தையின் உடம்பு தண்ணீருக்குள், தலை மட்டும் வெளியே உன் நெஞ்சில். தலையைத் துவட்டித் தொப்பி போட்டுவிடுவோம். கொஞ்ச நேரம் கழித்துக் கட்டிலுக்கு.

மூத்தவளைப் பார்த்துக்கொள்ள மட்டுமே ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதே. தண்ணீர் நிற்கும் தொட்டி உள்ள அறையில் சின்னக் குழந்தை ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்கக் கூடாது. மூடி இருக்கிறதே என்று நம்பாதே, அது சூட்டுக்காகப் போட்ட மூடி, எடை தாங்காது.

கணக்குப்பிள்ளை

எல்லாரும் நிரப்புவதையே பேசுகிறோம். காலி செய்வதையும் சொல்லிவிடுகிறேன், குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் அந்த வேலை என் தலையில்தான் விழுந்தது. அழுக்குத் தண்ணீரை இறைக்கும் முழுகு பம்ப் ஒன்று வேண்டும். முதலில் சின்ன வலைக் கரண்டியால் மிதப்பதை எல்லாம் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பம்ப் அடைத்துக்கொள்ளும். தண்ணீரைக் கழிப்பறைக்குள் விடுங்கள், சமையலறைத் தொட்டியில் வேண்டாம். வெளியேற்றும் ஹோஸ் வேறு, நிரப்பிய ஹோஸ் வேறு. முனையைக் கட்டி வைக்காவிட்டால் அது துள்ளி எழுந்து சுவரெல்லாம் அபிஷேகம் செய்யும். கடைசி நாலு விரல் தண்ணீரைப் பம்ப் எடுக்காது. லைனரின் ஓரங்களைத் தூக்கி ஒரு மூலையில் சேர்த்து வாளியால் மொள்ளுங்கள்.

பம்பின் மின்கம்பியும் தொட்டியும் ஒரே அறையில் இருக்கும். யாரும் தண்ணீரில் இருக்கும்போது பம்பைப் போடக் கூடாது. மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச் உள்ள இணைப்பில்தான் மாட்ட வேண்டும்.

கட்டடக்காரன்

கடைசி வரிக்கு நூறு முறை ஆமாம். நீட்டிப்புப் பெட்டியைத் தரையில் போடாதீர்கள், மேசை மேல் வையுங்கள்.

முகில்வாசல்

ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். பொறியாளர் வந்து பார்த்தார், படுக்கையறையில் உத்தரம் ஓடும் சுவரை ஒட்டிய இடத்தைக் காட்டினார். அலமாரி வெளியே போகிறது. காற்றடிக்கும் தொட்டி, நீள்வட்டம், சின்ன அளவு, மூன்று வளையம், தரைக்குத் தனி அறை, இருக்கை இல்லை. புதிதாகவே வாங்குகிறோம். கணவர் இறங்க மாட்டாராம், தண்ணீர் இலாகாவோடு நிறுத்திக்கொள்கிறார். வாளிக் கணக்கு போட்டோம், எங்கள் ஹீட்டருக்குப் பெரிய தொட்டி கட்டாது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஹீட்டரிலிருந்தும் வாளியில் எடுத்துக்கொள்ளச் சம்மதம் வாங்கியிருக்கிறோம்.

ஒரே சந்தேகம். எப்போது காற்றடித்து வைப்பது? ஒத்திகைக்குத் தண்ணீர் பிடித்துப் பார்க்க வேண்டுமா?

தாதி_கமலி

37 வாரம் ஆனதும் காற்றடித்துவிடு. ஒரு நாள் முழுக்க விட்டுப் பார், எங்காவது தளர்கிறதா என்று. முறுக்காக அடிக்காதே, வெந்நீர் விட்டதும் உள்ளே காற்று விரியும். ஒத்திகைக்குக் கால் பங்கு தண்ணீர் போதும், இணைப்பானும் பம்பும் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துவிடும். லைனர் போடாமல் செய், அது அன்றைக்குத்தான் பிரிக்க வேண்டும். பிறகு தண்ணீரை எடுத்து, துடைத்து, மடிப்புகளுக்குள்ளும் ஈரம் இல்லாமல் உலர்த்தி, சுத்தமான விரிப்பால் மூடி வை. ஹோஸையும் தொங்கவிட்டு வடித்துவிடு, சுருட்டி வைத்தால் உள்ளே தண்ணீர் தங்கும்.

வலி வந்தால் முதலில் எங்களுக்குப் போன், அப்புறம்தான் குழாயைத் திறப்பது. உன் கணவர் அதை மாற்றிச் செய்துவிடப் போகிறார்.